பாலில் போட்ட பல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, மைக் முன்னால் நின்றால் எனக்குக் குரல் நடுங்கும். அதனால் இதை எழுதித் தருகிறேன்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை பேக்கிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். காலையில் கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவரைத் துடைத்துவிட்டு, சமைத்து, மகள் ஷாலினியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன். கர்த்தர் என்னை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெல் அடித்தும் ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. எனக்கு எரிச்சல். தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டதும் இரும்புக் கதவைத் தோளால் ஓங்கித் தள்ளினேன். கீழ்த் தாழ்ப்பாளைக் குனிந்து எடுத்த ஷாலினி இன்னும் நிமிரவில்லை. கதவு அவள் வாயில் இடித்தது.

ஒரே ரத்தம். முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடந்தது. பதிமூன்று வயது. இனி முளைக்காத பல். உள்ளே அவர் "என்னாச்சு" என்று குழறுகிறார். எழுந்து வர முடியாது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "ஆண்டவரே, என்னால முடியல. நீங்களே பாத்துக்கோங்க." அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை.

பிறகு பல்லைப் பொறுக்கி, குழாயில் தேய்த்துக் கழுவப் போனேன். எங்கள் பில்டிங்கைப் பெருக்கும் கன்னியம்மா படியிறங்கி ஓடி வந்தார்கள். முந்தின வாரம்தான் படியில் தண்ணீர் சிந்தியதற்கு அவர்களைத் திட்டியிருந்தேன்.

"யக்கா, தேய்க்காத. வேரைத் தொடாத, மேல் பக்கமாப் புடி. ஊட்ல பாலு கீதா?"

"இருக்கு, இன்னும் காய்ச்சல."

"காய்ச்ச வாணாம். அப்டியே டம்ளர்ல ஊத்தி, பல்ல அதுல போடு."

சுத்தமான துணியை மடித்து, பல் விழுந்த இடத்தில் வைத்து ஷாலினியைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். "இங்க பக்கத்துல பாடில ஒரு பல் டாக்டராண்ட ஆறு வருசம் வேல பாத்தேன்க்கா. வர்றவங்க எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்வாரு. அவரு ஊடு கிளினிக்கு மேலயே. போன் பண்றேன். சீக்கிரம் போவணும். அண்ணன நான் பாத்துக்கிறேன்."

அரை மணிக்குள் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பல்லை அதே குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பி போட்டு ஒட்டினார். "தேய்ச்சிருந்தா, காய விட்டிருந்தா கஷ்டம். எத்தனை வருஷம் நிக்கும்னு இப்ப சொல்ல முடியாதும்மா," என்றார். இரண்டு வாரத்தில் வேர் சிகிச்சை செய்து, கம்பியை எடுத்தார்கள். இன்றுவரை நிற்கிறது.

திரும்பும்போது ஆட்டோவில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீட்டில் கன்னியம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். "போக்கா," என்றார்கள்.

என் அசதி தீரவில்லை. அவர் இன்னும் படுக்கையில்தான். ஆனால் கர்த்தர் மறந்துவிட்டார் என்று இப்போது நான் சொல்வதில்லை. நான் கூப்பிட்டபோது அவருடைய உதவி துடைப்பத்தோடு இரண்டு படி மேலேதான் நின்றிருந்தது. ஜெபிக்க வார்த்தையே வராத அளவுக்குக் களைத்திருக்கிறவர்களே, "முடியல" என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குப் போதும்.