மணியில் ஊற்றிய தண்ணீர்

இரண்டரை வயதாகியும் என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. "கோயில் மணியில தண்ணி ஊத்திக் குடு, பேச்சு வந்துடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அடி அண்ணாமலை கிராமத்தில் ஓர் அம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். பூசாரி கைமணியைத் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, அவனுக்குப் புகட்டினார்.

"கவலப்படாதம்மா, சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்."

பிறகு தீபாராதனைக்காக அதே மணியை ஓங்கி அடித்தார். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. மணிக்கு முதுகு காட்டி என் தோளில் கிடந்த மகன், என் தாலிச் சரடைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"இன்னொரு தபா அடிங்க சாமி."

அடித்தார். அவன் திரும்பவில்லை.

பிறகு டாக்டர் சொன்னது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது: அவனுக்குக் காது கேட்கவில்லை.

'அம்மா சொல்லு' என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன்! நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்ப்பான். பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.