பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாவுக்கு வலி பார்த்தேன்

இன்னைக்குக் காலையில பொம்மனஹள்ளி பஸ்ல என் மானம் போச்சு.

நான் பிரசவ வார்டு நர்ஸ். கூட இருந்த ரெண்டு சிஸ்டருங்க வேலையை விட்டுட்டுப் போனதால, இந்த வாரம் மூணாவது டபுள் டியூட்டி. சீட்ல உக்காந்ததும் தூங்கிட்டேன்.

கண்டக்டர் "டிக்கெட்"னு கத்தினப்போ முழிச்சேன். பார்த்தா என் கை பக்கத்து சீட் அம்மா வயித்து மேல இருக்கு. வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு பார்க்க வார்டுல வெப்போமே, அதே மாதிரி. பழக்கத்துல கண்ணு வாட்சுக்குப் போச்சு.

"இன்னும் டைம் இருக்கும்மா, இப்பவே முக்காதீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அந்தம்மாவுக்கு ரிட்டையராகப் போற வயசு.

பஸ்ஸே சிரிச்சுது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "சாரிம்மா"ன்னு கையை எடுத்தேன். அவங்க என் கையைப் பிடிச்சு, திரும்ப அங்கேயே வெச்சுக்கிட்டாங்க.

"பரவாயில்லம்மா, நீ தூங்கு. வலி வந்தா நானே எழுப்புறேன்."

திரும்பத் தூங்கிட்டு, என் ஸ்டாப்பைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் தள்ளிப்போய்தான் இறங்கினேன்.

இப்ப மேட்ரனுக்கு லீவு லெட்டர் எழுதிட்டிருக்கேன். உடம்பு சரியில்லைன்னா நம்ப மாட்டாங்க. பஸ்ல நடந்ததை அப்படியே எழுதிடவா?