ஏழு தடவை வந்தும் நனையாத கால்

படகுத்துறையில் வரிசை நகரத் தொடங்கியபோது சமையலக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். விரல்களில் மஞ்சள் கறை. தோளில் மாற்றுச் சேலை ஒன்று. அவரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த நிற்பு.

அருப்புக்கோட்டையிலிருந்து காசி, கயா, கங்கா சாகர் என்று ஆட்களை அழைத்துப்போகும் யாத்திரை பஸ்ஸில் நான் அப்போது வேலை பார்த்தேன். டிக்கெட் எடுப்பது, தங்குமிடத்தில் அறை பிரித்துக் கொடுப்பது, ஏறியவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. முன்வரிசைகளில் டவுனில் கடை வைத்திருந்தவர்களும் திருச்சுழிப் பக்கத்து நிலக்காரர்களும் இருப்பார்கள். கடைசி வரிசையில் அரிசி மூட்டைகளும் அண்டாக்களும் போக மிச்சமிருந்த இடம் சமையலக்காவுக்கு. நரிக்குடிப் பக்கத்துக்காரர். பஸ் குலுங்கும்போது அண்டா சரிந்துவிடாமல் ஒரு காலால் முட்டுக்கொடுத்தபடியே தூங்கப் பழகியிருந்தார். கங்கைக்கரையில் எல்லோரும் முழுக்குப் போடும் நேரம் அவருக்கு உலை வைக்கும் நேரம்.

அன்று வங்காளத்தில் ஆற்றைக் கடந்து தீவுக்குப் போய், கங்கை கடலில் கலக்கும் இடத்தில் குளிக்க வேண்டும். வரிசையில் அவரைப் பார்த்ததும் யாத்திரை முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

"நீ எங்க கெளம்பிட்ட? மத்தியானச் சாப்பாடு?"

"விடியக்காலையே எலுமிச்சம்பழச் சோறு கெளறிக் கட்டி வச்சுட்டேன். ஏழு தடவ கங்கைக்கு வந்துட்டேன், இன்னும் கால நனைக்கல. இன்னைக்கு நானும் வாரேன்."

முன்சீட்டில் வரும் மளிகைக்கடை அம்மா குறுக்கிட்டார். "குளிச்சுட்டு வந்து ஆறுன சோறா திங்கிறது? நல்லா இருக்கே! சமையலுக்கு வந்தவளுக்கு எதுக்கு யாத்திரை?"

"ஏம்மா, என் பாவத்தையும் சேத்து நீங்களா கரைக்கப் போறீக?" என்றார் அக்கா.

யாரோ சிரித்துவிட்டார்கள். அது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "படகுல கால வச்சேன்னா ஊரு போய்ச் சேந்ததும் உனக்கு நம்ம பஸ்ஸுல வேல இல்ல" என்றார்.

"சரிங்க மொதலாளி. பஸ்ஸு உங்களது. கடல் உங்களது இல்லையே."

ஒரு பெரியவர் முழங்கால் வலியால் பஸ்ஸிலேயே தங்கிவிட்டதால் என்னிடம் ஒரு டிக்கெட் மிச்சமிருந்தது. நீட்டியிருக்கலாம். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அக்கா வரிசையை விட்டு விலகிப் போய், டிக்கெட் சன்னலில் ஒற்றை விரலைக் காட்டித் தன் டிக்கெட்டைத் தானே வாங்கி வந்தார்.

படகில் எங்கள் கூட்டம் ஒரு பக்கமாக நெருங்கி உட்கார்ந்தது. பெஞ்சில் இடமிருந்தும் மளிகைக்கடை அம்மா பையை எடுக்கவில்லை. எதிரே வாத்துக் கூடையோடு உட்கார்ந்திருந்த வங்காளத்துப் பெண் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கரை வரும்வரை இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அவள் பேசியது அக்காவுக்குப் புரியவில்லை, அக்கா பேசியது அவளுக்குப் புரியவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை. இறங்கும்போது நான் பக்கத்தில் போய், மிச்ச டிக்கெட் இருந்ததை முணுமுணுத்தேன்.

"தெரியும்ப்பா, உன் சட்டைப் பையில தலைய நீட்டிக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

கடலில் அவர் மூன்று முழுக்குப் போடவில்லை. கழுத்தளவு நீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் சத்தமாகச் சிரித்தார். மளிகைக்கடை அம்மா கரையேறி வெகுநேரம் கழித்துத்தான் அக்கா வெளியே வந்தார்.

ஊர் திரும்பும்வரை ஒரு வேளை குறையாமல் சமைத்துப் போட்டார். அருப்புக்கோட்டையில் இறங்கியதும் முதலாளி சொன்னபடியே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார். அக்கா கெஞ்சவில்லை, பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த யாத்திரைக்கு நானும் போகவில்லை. அதை வீரமென்று சொல்லமாட்டேன். அந்த முதலாளியின் முகத்தை மறுபடி பார்க்கக் கூசியது, அவ்வளவுதான்.

போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கூடவே அவர் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர். ஆடு மேய்ப்பவர்கள், களையெடுக்கப் போகிறவர்கள். மதுரைக்குப் போய் அங்கிருந்து காசிக்கு ரயிலாம். "அக்கா, சமையல் யாரு?" என்று கேட்டேன்.

"ஆளுக்கொரு நாள் பொங்குறது. பொங்குறவ மொதல்ல குளிச்சுட்டு வரணும். அதான் சட்டம்."

மதுரை பஸ் வந்தது. மூட்டைகளைப் பார்த்த கண்டக்டர், "எல்லாம் பின்னாடி போங்கம்மா" என்றார். மூட்டைகள் பின்னால் போயின. பெண்கள் முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள்.