அமரரிடமிருந்து நன்றியுடன் பெற்றுக்கொண்டது

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய நன்கொடைக்கு உரிய வருமான வரிச் சலுகையை என் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்பா செத்துப் பல வருடமாகிறது.

உயிரோடு இருந்த காலத்தில் அவர் வரி கட்டியதில்லை. தர்மம் செய்ததும் இல்லை. கடிதம் எழுதுவதென்றால் தபாற்கந்தோருக்கு நடந்துபோய், அங்கே நூலில் கட்டித் தொங்கும் பேனையால் எழுதிவிட்டு வருவார். பொழுதுபட்ட பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தால் விளக்கைத் தணித்துவிடுவார். கதைக்கிறதுக்கு வெளிச்சம் எதுக்கு என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் எப்படி வள்ளலானார்? நான்தான் ஆக்கினேன்.

எங்கள் சீனன்குடாக் கந்தோரில், கணக்குப் பகுதியில், பத்மநாதன் என்றொருவர் இருக்கிறார். நாட்டில் போர்நிறுத்தம் வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் வரிச் சட்டத்தில் ஒரு வரி மாறினால் அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். அவர்தான் தேநீர் நேரத்தில் விளக்கினார். அங்கீகாரம் பெற்ற பாடசாலைப் புலமைப்பரிசில் நிதிக்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்ததை வருமானத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி.

"அண்ணை, புண்ணியத்துக்கு அரசாங்கம் டிஸ்கவுண்ட் குடுக்குது. விடப்போறீங்களே?"

விடுவேனா? தள்ளுபடி என்றால் எங்கள் பரம்பரையே எழும்பி நிற்கும். தவிரவும், நாங்கள் கட்டும் வரிக்கு என்ன நடக்கிறது என்பது இந்தத் துறைமுகப் பட்டினத்தில் எல்லோருக்கும் கேட்கிறது — சில இரவுகளில் மிகச் சத்தமாகவே கேட்கிறது. (இதற்குமேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.) அந்தக் காசில் கொஞ்சம் ஒரு பிள்ளையின் பௌதிகப் புத்தகத்துக்குப் போனால் யாருக்கு நட்டம்?

நகரத்துப் பாடசாலை ஒன்றில் அப்படியொரு நிதி இருந்தது. பொருளாளர் செல்வநாயகி ரீச்சர். காசை வாங்கிக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்ன பெயருக்கு எழுத?"

சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நம்மவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே செத்தவர்கள் ஞாபகம்தானே வரும்? இங்கே ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குந்துவதென்றால் யாரோ ஒருவருடைய காலஞ்சென்ற தாயார்மீதுதான் குந்தவேண்டும். கோயில் தண்ணீர்த்தாங்கியில் முகம் கழுவினால் யாரோ ஒருவருடைய மாமனாரில் கழுவுகிறோம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அப்பாவின்ர ஞாபகார்த்தமா எழுதுங்கோ ரீச்சர்" என்றேன். மேலே பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். நல்ல நடிகன் நான்.

ரீச்சர் மணிமணியான எழுத்தில் எழுதித் தந்தார்: அமரர் கணபதிப்பிள்ளை அவர்களிடமிருந்து நன்றியுடன் பெற்றுக்கொண்டது.

நான் அதைப் பலமுறை வாசித்தேன். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை… பத்திரிகையில் எழுதுகிறவன்!

வரிக் கந்தோரில் இருந்தவருக்குத் தெரிந்தது.

"இது ஆர்?"

"அப்பா."

"அப்ப வரிக்கழிவு அவருக்குத்தான். அவரை வரச்சொல்லுங்கோ."

அவர் மோசம் போய்விட்டார் என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். ரசீதின் திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செத்தாப் பிறகுதான் குடுத்திருக்கிறார்" என்றார். சிரிப்பில்லை. பிறகு, இவ்வளவு கொடுக்கிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, அவருக்கு ஒரு பைல் திறக்கவேண்டி வருமோ என்று யோசிக்க ஆரம்பித்தார்.

நான் நான்தான் என்று நிரூபிப்பது எனக்குப் பழகிய வேலை. ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து சீனன்குடாக் கந்தோர் போய்ச் சேர்வதற்குள், ஆமிக்காரர் மறிக்கும் சென்றிக்குச் சென்றி அடையாள அட்டையை நீட்டி அதைத்தான் தினமும் செய்கிறேன். ஆனால் நான்தான் அப்பா என்று நிரூபிக்க எந்த அட்டையை நீட்டுவது?

கடைசியில் அவரே இரங்கி வழி சொன்னார். மார்ச் முடிவதற்குள் ரசீதை என் பெயருக்கு மாற்றி வாங்கி வந்தால் கழிவு எனக்கு. இல்லாவிட்டால் அப்பாவுக்கு.

ரீச்சரிடம் ஓடினேன். ஒரு பெயர்தானே, வெட்டிவிட்டு எழுதினால் ஆயிற்று என்று நினைத்தேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரீச்சர்மார் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

'அமரர் கணபதிப்பிள்ளை புலமைப்பரிசில்' கொடுத்தாகிவிட்டதாம். தோப்பூரில் வயல் செய்யும் காசிம் காக்காவின் மகளுக்கு. (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம்.) உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். அங்கிருந்து பட்டினத்துக்குக் கடல்வழி கொண்டுவரும் மூதூர் லோஞ்ச் ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. கடல் நல்லாயிருந்தால் மேலிடம் விடாது, மேலிடம் விட்டால் கடல் விடாது. ஆகவே பட்டினத்தில் ஒரு ரீச்சர் வீட்டில் போர்டிங். போர்டிங் காசுக்குத்தான் இந்த நிதி. ரசீதை ரத்துச் செய்தால் கொடுத்த பரிசிலும் ரத்து. மறுபடி கொடுக்கக் கமிட்டி கூடவேண்டும். கமிட்டியில் ஒருவர் கொழும்பில், இன்னொருவர் கனடாவில். கனடாக்காரர் ராஜினாமாச் செய்யாமலே போய்விட்டார்.

"மாத்தலாம்" என்றார் ரீச்சர். "ஆனா அந்தப் பிள்ளையை நாளைக்கே லோஞ்சில ஏத்தவேணும். பிறகு அவள் திரும்பி வருவாள் எண்டு நான் நினைக்கேல்லை."

உடனே ரசீதைக் கிழித்தெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு வந்தேன். சைக்கிளில் ஓர்ஸ் ஹில் மேட்டை ஏறுகிறவர்களுக்குத் தெரியும் — மூச்சு வாங்க வாங்க மனிதனிடம் தர்மசிந்தனை குறையும். பாதி மேட்டில், கமிட்டி எப்படியும் கூடும் என்று பட்டது. உச்சியில், வேறு யாராவது கொடுப்பார்கள் என்று நிச்சயமாகிவிட்டது. அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாற்றுவதற்குத்தான் போனேன்.

பாடசாலை விறாந்தையில் கதிரை நுனியில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். வெள்ளைச் சேட்டு, இடுப்பில் சாரம், மடியில் துணி கட்டிய தயிர்ச் சட்டி. ரீச்சர் என்னைப் பார்த்ததும் எழும்பினார். ஒரு கணம் என் சட்டைப் பையையும் பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்:

"காக்கா, இவர்தான் அமரர் கணபதிப்பிள்ளையின்ர மகன்."

காசிம் காக்கா இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அமரரின் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகவென்றே, ஓடிய முதல் லோஞ்சில் வந்தாராம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அப்பாவின் பெயரைச் சொல்லித் துஆக் கேட்டாராம். பக்கத்தில் நின்றவர்களையும் கேட்கச் சொன்னாராம். விபூதி பூசாமல் பச்சைத்தண்ணியும் குடிக்காத என் அப்பாவுக்கு, ஒரு சதம் செலவில்லாமல், ஒரு பள்ளிவாசல் நிறைய ஆட்கள்! இலவசமாகக் கிடைப்பதை அவர் எப்போதும் மறுத்ததில்லை.

"வாப்பாக்குத் தயிர் விருப்பமா?" என்று கேட்டார் காக்கா.

அப்பாவுக்கு விருப்பம் என்றேன். அது உண்மை. யாராவது சும்மா கொடுத்தால் மிக விருப்பம்.

சட்டியை என்னிடம் தந்தார். லோஞ்சால் இறங்கும் ஜெட்டிச் சென்றியில் தயிருக்குள்ளும் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தயிர் உடைந்திருந்தது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். "புள்ள டொக்டராகிப் போகுமெண்டு நான் பெரிசாக் கனவு காணல்ல. படிச்சு முடிச்சாப் போதும்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

ரசீதை எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே இருந்துவிட்டது. அது தானாக வெளியே வந்தபோது, ரசீதில்லாமல் வந்தது. ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

திரும்பும் லோஞ்சுக்கு நேரமானதால் காக்காவுடன் ஜெட்டிவரை நடந்தேன். சைக்கிள் ஹாண்டிலில் தயிர்ச் சட்டி. வழியெல்லாம் அப்பாவின் பெருமையைக் கேட்டுக்கொண்டே வந்தேன் — காக்கா சொல்லச் சொல்ல எனக்கே அந்த மனிதரைப் பார்க்க ஆசையாயிருந்தது. சென்றியில் அவர் அட்டையைக் காட்டிவிட்டு வந்து, லோஞ்சில் ஏறினார். மகளில்லாமல், தனியாகத்தான் ஏறினார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். வரிச் சலுகைதான் போயிற்று, பெயராவது மிஞ்சட்டும் என்று ஒரு சபலம். ஜெட்டி விளிம்பில் நின்று, சும்மா சொல்கிறமாதிரி, "காக்கா, அந்தக் காசு… நான்தான் கட்டினனான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓம், ரீச்சர் சொன்னவ. இந்தக் காலத்தில வாப்பாட காச அமுக்காமக் கொண்டுவந்து கட்டுற புள்ளையள் எங்க கிடைக்கிறாங்க?"