தொட்டுக் காட்டு

எலிசாளுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. போலீசுக்கு அவள் இரவல் ஆள். பெண்பிள்ளை கேஸ் என்றால் கூட நிற்க ஸ்டேஷனில் ஒரு பொம்பளை கிடையாது. ஏட்டு தாணு சைக்கிளில் வந்து வார்டு வாசலில் நிற்பார். "எலிசாளே, ஒரு குட்டி உண்டு" என்பார். அவள் கையைக் கழுவிவிட்டுப் போவாள். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். பிறகு அழுகை தானாக நின்றுபோயிற்று. கஞ்சியில் உப்பில்லாததுகூட இவள் நாக்குக்குத் தெரிவதில்லை என்று புருஷன் தாசையன் கண்டுபிடித்தான். அதை ஒரு குறையாகவும் அவன் சொல்லவில்லை.

பிள்ளை நடந்ததை ஸ்டேஷனில் ஒரு தடவை சொல்லும். டாக்டரிடம் ஒரு தடவை, இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை. ஒவ்வொருத்தரும் புதிதாகக் கேட்பார்கள். கடைசியில் ஜெயில் முற்றத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னால் ஆளைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். விரலை நீட்டினால் பக்கத்து ஆளைத்தான் காட்டியது என்று வக்கீல் மடக்குவார். அதனால் தொட்டே ஆகவேண்டும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தெருக்களில் தண்ணீர்க் குழாய் போட ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருவன். சர்க்கார் கச்சேரி குமாஸ்தா சேஷனின் மகள் சூடாமணிக்கு ஒன்பது வயது. அதற்குமேல் எலிசாள் யாரிடமும் சொன்னதில்லை.

தெருவே வேண்டாம் என்று தடுத்தும் சேஷன் புகார் கொடுத்தார்.

"வேற சாட்சி இல்லே, கேட்டியா," என்றார் தாணு. "குட்டி தொட்டால் கேஸ் நிக்கும். தொடல்லேன்னா அவனுக்கு அந்திச் சோறு வீட்டிலேதான்."

அன்று காலை குதிரைவண்டி வாசலுக்கு வந்தது. தாயார் ஜெயலக்ஷ்மி பிள்ளைக்குத் தலை பின்னி ஏற்றிவிட்டாள். வெளியே அனுப்பும்போதெல்லாம் சொல்கிறதையே அன்றும் சொன்னாள்.

"சமத்தா போயிட்டு வா. யாரையும் தொட்டுத் தொலைக்காதேடீ." எலிசாள் பக்கம் ஒரு பார்வை. "இவாளையும்தான்."

எலிசாள் வண்டியின் மூலைக்கு நகர்ந்துகொண்டாள். அது அவளுக்குப் பழக்கம்தான்.

முற்றத்தில் மாஜிஸ்திரேட் நாகேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். கோர்ட்டுவிட்டுப் போனால் குளிக்காமல் அடுக்களைப் பக்கம் போகமாட்டார்.

"போய்த் தொட்டுக் காட்டும்மா. பயப்படாதே."

சூடாமணி வரிசையோடு நடந்தாள். ஒருவன் முன்னால் நின்றாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டுக் காட்டும்மா. ஆள் தெரியலையா?"

அவள் பாவாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. நாகேஸ்வரன் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார். பிறகு, சாட்சி யாரையும் காட்டவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். வரிசை கலைந்தது.

எலிசாள் பிள்ளை எதிரே, படாமல், குத்தவைத்து உட்கார்ந்தாள். "மக்களே, பின்னே ஏன் அங்ஙன நின்னே?"

"அவன்தான். அம்மா யாரையும் தொடப்படாதுன்னா."

மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எஜமானே, பிள்ளை சொன்னது கேட்டீகளா?"

"கேட்டேன்." அவர் காகிதத்தைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டாச்சே." பேனாவை மறுபடி திறந்து, கையெழுத்துக்குக் கீழே பிள்ளை சொன்னதை ஒரு வரியாகச் சேர்த்தார்.

விசாரணையில் எதிர்வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். வரிசை கலைந்த பிறகு ஆயா சொல்லிக்கொடுத்தது என்றார். எலிசாள் கூண்டில் ஏறி, பிள்ளை ஏன் தொடவில்லை என்று விளக்கினாள். அந்தக் கை தொடாததை இந்த வாய் தொட்டுவிட்டதாக்கும் என்று வக்கீல் சொல்ல, பெஞ்சுகளில் சிரித்தார்கள். ஆள் விடுதலையானான்.

"சரி, போட்டே, விடு," என்றார் தாணு. எலிசாள் வார்டுக்குத் திரும்பி, பேசின் பாத்திரங்களைக் கழுவினாள்.

சில நாள் கழித்து ஜெயலக்ஷ்மி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"தொட்டிருந்தா என்ன? ஆத்துக்கு வந்ததும் தலைக்கு ஜலம் விட்டிருப்பேன். அவ்வளவுதானே. அங்கே தொடணும்னு யாராவது எங்கிட்ட முன்னாடியே சொல்லப்படாதோ?"

போலீஸ் சொல்லவில்லை. கோர்ட்டும் சொல்லவில்லை. வண்டியில் கூடவே இருந்த எலிசாளும் சொல்லவில்லை. சொல்வது யார் வேலை என்று எங்கேயும் இல்லை. "இல்லேம்மா, யாரும் சொல்லேல்லே," என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு பிள்ளை. இந்தத் தடவை எலிசாள் தாயாரிடம் முற்றத்தில் நடப்பதையெல்லாம் முதலிலேயே சொன்னாள். நாகேஸ்வரனும் வரிசை நிற்குமுன் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஆத்திலே ஏதாவது சொல்லி அனுப்பியிருக்காளா? தொட முடியுமா? முடியாட்டா வேண்டாம். கிட்ட நின்னு வாயால சொல்லு, போதும்."

கேள்வியையும் பதிலையும் முதலில் எழுதிக்கொண்டார். பிள்ளை நடந்துபோய், "இவன்," என்றது. பேனா ஓடிற்று.

எலிசாள் தனக்கு ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்ரீவராகத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு சேஷன் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டதாகத் தாணு முன்பே சொல்லியிருந்தார். எந்தத் தெரு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும், இதை அவர்களிடம் என்னவென்று போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.