நாங்கள் போகாத உகண்டா

அறுபத்து மூன்று வயதில் எனக்குத் திடீரென்று பறவைப் பைத்தியம் பிடித்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. அது பழைய பைத்தியம். சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் படிப்பித்த காலத்தில், உரும்பிராயிலிருந்து போகும் வழியில் கைதடி வெளியில் பூநாரை நிற்கிறதா என்று பஸ் யன்னலால் கழுத்தை நீட்டுவேன். கையில் பைனாகுலர் இருந்தாலே ஆளைக் கொண்டுபோய் விசாரிக்கும் போர்க்காலம் அது. வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். நல்ல பைனாகுலர் வாங்கியபோது எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

முழங்கால்தான் எங்களை அவசரப்படுத்தியது. இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் சொன்னார். உகண்டாவின் சதுப்பு நிலத்தில் சப்பாத்து மாதிரிச் சொண்டுள்ள ஒரு பெரிய சாம்பல் பறவை இருக்கிறது. அதைப் பார்க்கச் சிறு படகில் ஏறி இறங்க வேண்டும். இப்போது போகாவிட்டால் பிறகு இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் என் கணவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் திட்டம் போடுவதில் அவரை யாரும் வெல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, எந்த ஏரி, எந்தக் காடு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரப் பயணம் என்று பென்சிலால் கோடு போட்டார். பெரிய மழைக்கு முன், மாசியில் போவதென்று முடிவானது. ஐரோப்பாக் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளும் அப்போது அங்கே நிற்கும். அங்குள்ள வழிகாட்டிக்கு நான் மின்னஞ்சலில் கேள்விக்கு மேல் கேள்வி எழுதினேன். அந்தச் சப்பாத்துச் சொண்டன் சில வேளை மணிக்கணக்காக அசையாமல் நிற்கும், பொறுமை வேண்டும் என்று அவர் பதில் போட்டார்.

"உம்மடை அண்ணையைப்போலை எண்டு சொல்லும்," என்றார் கணவர்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் போக முடியாது. எங்கள் வயதைப் பார்த்து முதலில் தயங்கினார்கள். கெஞ்சி, டொக்டரின் கடிதம் காட்டிக் கொழும்பில் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அப்படிச் சந்தோசமாக நான் காய்ச்சலில் கிடந்ததே இல்லை.

விசாவுக்குப் படம் எடுக்கப் போன ஸ்டூடியோவில்தான் பிழை நடந்தது. அங்கே மச்சாள், அதாவது கணவரின் அக்கா, இருந்தா. நீர்வேலியில் இருப்பவ. ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டா. எங்கள் பக்கத்தில் வயதுபோனவர்கள் விமானம் ஏறுவதென்றால் பிள்ளைகளிடம் போக வேண்டும், அல்லது இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போக வேண்டும். ஆபிரிக்காவுக்குக் குருவி பார்க்கப் போகிறோம் என்றால் இரண்டு பேருக்கும் மண்டை கழன்றுவிட்டது என்று ஊரே கதைக்கும். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அவருக்குப் பொருட்டு.

"லண்டனுக்கு, மகனிட்டை ஒருக்காப் போட்டு வரப்போறம்," என்று சொல்லிவிட்டார்.

ஒரு கிழமைக்குள், லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று சொந்தக்காரர் கொண்டுவந்த பார்சல் வீடு நிறைய. வறுத்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பனம்பழப் பினாட்டு, பனங்கிழங்கு ஒடியல்மா. அங்கே இருக்கும் தன் மகளுக்கென்று மச்சாளும் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தா. வாங்க மாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. பொய்யைச் சொன்னவர் மாமரத்தடியில் போய் இருந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகன் வட்சப்பில் எடுத்தான். மச்சாளின் மகள் அவனிடம் விசாரித்திருக்கிறாள். அவன் லண்டனுக்குப் போய் ஒன்பது வருடம். வாருங்கள் என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. வேலை, பிள்ளைகள், சின்ன வீடு என்று நாங்களே அவனுக்காகக் காரணம் சொல்லிக்கொள்வோம்.

"அம்மா, நீங்கள் வாறியளாம் எண்டு கேள்விப்பட்டன். ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? இப்ப வீட்டிலை இடமில்லை. மாமியும் எங்களோடைதான் இருக்கிறா. வாறதெண்டால் அடுத்த வருசம் பாப்பம். அதுவும் நிச்சயமில்லை."

மாமி என்றது மருமகளின் அம்மாவை. அவவுக்கு இடம் இருக்கிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தோம். கணவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாங்கள் லண்டனுக்கு வரேல்லை. ஆபிரிக்காவுக்கு, கொம்மா குருவி பாக்கப் போறா. நான் துணைக்கு."

"ஆபிரிக்காவுக்கோ?" மகனின் குரல் மாறியது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லை என்று சொன்னால் வருகிற அதே குரல். "அது நல்லது, அப்பா. கட்டாயம் போட்டு வாங்கோ. டிக்கெற்றை நான் போட்டுத் தாறன்."

"வேண்டாம், தம்பி," என்றார்.

இத்தனை வருடத்தில் அவன் எங்களுக்கு இவ்வளவு ஆசையாக எதையும் தருவதாகச் சொன்னதில்லை. நான் பெற்ற பிள்ளை. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

நான் அப்போதும் போகத்தான் நினைத்தேன். ஆனால் பார்சல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரணம் கேட்பார்கள். உகண்டா என்று உண்மையைச் சொன்னால், ஒன்பது வருடமாகப் பிள்ளையிடம் போகாமல் ஏன் அங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது, அதை வெளியில் சொல்லத்தான் முடியாது. "அவனைச் சனம் குறைவாக் கதைக்கக் கூடாது," என்றார் கணவர். லண்டன் விசா கிடைக்கவில்லை என்று சொல்வதாக முடிவானது. விசா கிடைக்காத கவலையில் இருக்க வேண்டியவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு வேறு எங்கே போவது? வழிகாட்டிக்கு வரமுடியவில்லை என்று இரண்டு வரி எழுதினேன். என்ன காரணம் என்று அவர் அன்போடு கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.

மச்சாள் தன் பையை எடுக்க வந்தா. எதிரில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டா.

"பாவம் பொடியன். தாய் தேப்பன் வருகினம் எண்டு எவ்வளவு ஆசையோடை பாத்துக்கொண்டிருந்திருப்பான்."

"ஓம், மச்சாள்," என்றேன். "போனிலை அழுதவன்."