நாற்பதடிப் பாத்தியில் என் h

பிளஸ் ஒன்னில் நான் கணக்கு குரூப் எடுத்திருந்தேன். மரக்காணம் உப்பளம் முழுக்க இதைச் சொல்லி வைத்திருந்தவர் என் சித்தப்பா.

அந்த வாரம் வகுப்பில் ஒரு புதுச் சடங்கு ஆரம்பித்திருந்தது. x இருந்த இடத்தில் x+h போட வேண்டும். வருவதிலிருந்து பழையதைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை h-ஆல் வகுத்துச் சுருக்க வேண்டும். x²-க்கு மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதினார்கள். நான் (x+h)² என்பதை x²+h² என்று பிரித்து, x²-ஐக் கழித்து, வகுத்து, h என்று ஒற்றை எழுத்தில் முடித்துவிட்டேன். சுருக்குவதில் எனக்கொரு மேதைமை இருப்பதாக நம்பினேன். நோட்டு திருத்தி வருவது திங்கட்கிழமைதான்.

சனிக்கிழமை சித்தப்பா தன் நாற்பதடிச் சதுரப் பாத்தியை அடுத்தடுத்த இரண்டு பக்கம் நான்கு நான்கடி நீட்டியிருந்தார். புதுத் தரையைக் காலால் மிதித்து இறுக்கினால்தான் உப்பில் சேறு கலக்காது. மறுநாள் காலை தண்ணீர் விட்டாக வேண்டும். மிதிக்க நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். எத்தனை ஆள் தேவைப்படும் என்று, அவர்கள் காதில் விழும்படி, சித்தப்பா என்னைக் கேட்டார்.

கண்ணெதிரே இரண்டு பட்டையாகப் புது மண் நீண்டு கிடந்தது. நான் நோட்டைத்தான் பார்த்தேன். x நாற்பது, h நான்கு என்றால் கூடுதல் வெறும் h², பதினாறு சதுர அடி. பதினாறு சதுர அடிக்கு ஒரு ஆள் போதும் என்றேன்.

"ஏம்பா, மூலைய மட்டும் மிதிச்சா ரெண்டு பக்கமும் தானா இறுகிக்குமா?" என்றார் அவர்களில் மூத்தவர்.

இது பிளஸ் ஒன் கணக்கு என்று விளக்கினேன்.

"அப்ப சரி, உப்புக்கும் ஒரு வார்த்த சொல்லிடு."

மற்ற மூவரும் முந்தானைக்குள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. பாத்தியை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"படிச்ச புள்ள சொல்லுது. நீங்க பக்கத்துப் பாத்தியப் பாருங்க, இத நாங்க பாத்துக்கறோம்."

நான்குக்கு நான்கடி மூலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு சித்தப்பா ஒரு பட்டையில் இறங்கினார். நான் மற்றதில் இறங்கினேன். வெயில் சாயும்வரை மிதித்தோம். வேலை முடிந்து போன மூத்தவர், கணக்கு முடிந்ததா என்று விசாரித்தார்.

"கணக்கு சரிதான்கா. மண்ணுதான் கொஞ்சம் கூட வந்துடுச்சி" என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமை வாத்தியார் என் h-ஐ அடித்துவிட்டு, சிவப்பு மையில் 2x+h என்று எழுதியிருந்தார். நான் தொலைத்த 2x எது என்று என் குதிகால்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சித்தப்பாவை நினைத்துத்தான் நெடுநாள் இரக்கப்பட்டேன்: பாவம், கணக்கே தெரியாத மனிதர், நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாரே என்று.